கொடியில் தொங்கிய மசோதா

மூன்றாம் மாடியில் தொங்கிய அந்த உள்பாவாடையை எடுக்கும்படி யார் போய்ச் சொல்வது என்பதுதான் பிரச்சினை.

கண்ணாடிக் கடைக்காரர் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். ஆரஞ்சு நிறம். இடுப்பருகே ஒரு கிழிசல், அதற்குப் பச்சை நூலில் தையல். ஊருக்கெல்லாம் கண் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். கண்ணாடி போடாதவர்களுக்குக்கூட அந்தப் பச்சைத் தையல் இங்கிருந்தே தெரியும் என்று அவருடைய தொழிலறிவு அடித்துச் சொன்னது.

இன்று திங்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டமன்றக் குழு இந்தக் கட்டடத்தைப் பார்வையிட வருகிறது.

மற்றவர்களுடைய போராட்டம் பெரிய அநியாயத்தில் தொடங்கும். இவருடையது ஒரு துண்டில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டைப் பால்கனிக் கம்பியில் போட்டார். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அம்மாள் ஒரு கழியால் அதை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, கூடவே ஒரு கடிதமும் வைத்துத் திருப்பி அனுப்பினார். பால்கனியில் எதுவும் தொங்கக் கூடாது, பன்னிரண்டு வீட்டுத் துணியும் கீழ்த்தளத்து டிரையரில்தான் காய வேண்டும், கட்டடத்தின் அழகு முக்கியம் என்று எழுதியிருந்தது.

"வெயில் என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அன்று குதித்தவர் அதற்கப்புறம் தரையில் கால் வைக்கவே இல்லை. டிரையர் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது, அதற்கு எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். பத்திரிகைகளுக்கு எழுதினார். எதுவும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண் பரிசோதனைக்குக் கடைக்கு வந்தார். தாடையைத் தூக்கி இயந்திரத்தில் வைத்துவிட்டால் மனிதன் அசைய முடியாதல்லவா? நாற்பது நிமிடம் அவரை அப்படியே வைத்துக்கொண்டு, காசு கேட்காமல் புகை விடாமல் துணி காயவைக்க வெயிலை விட்டால் வேறு நாதியில்லை என்று காதில் ஓதினார். உறுப்பினர் வெளியே போகும்போது மூக்கில் புதுக் கண்ணாடியும் கையில் ஒரு மசோதாவும் இருந்தன.

'வெயிலில் துணி உலர்த்தும் உரிமை மசோதா' என்று பெயர். அதில் நான்காம் பிரிவு முழுக்க இவர் சொந்தக் கையால் எழுதியது. 'இன்ன துணி, இன்ன நிறம், இவ்வளவு பழசு என்று காரணம் காட்டி, ஒருவர் கொடியில் போட்ட துணியை எடுக்கச் சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை.' அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். மூன்று வருடத்தில் அவர் கொடியில் போட்ட ஒரே துணி அந்தத் துண்டுதான் என்பது வேறு விஷயம். வீட்டில் துவைப்பதும் உலர்த்துவதும் மனைவி.

அப்படிப்பட்டவர் உள்பாவாடையை முறைத்துக்கொண்டு நிற்பானேன்? செயலாளர் அம்மாள் வைத்த பொறி அது.

"குழு வர்ற வாரம் மட்டும் எல்லாரும் பால்கனியில துணி போட்டுக்கலாம்" என்று அவர் சிரித்த முகத்தோடு அனுமதி கொடுத்திருந்தார். "ஆனா ஒண்ணு. பாக்கச் சகிக்காம எது தொங்கினாலும் போட்டோ எடுத்து ஆல்பம் போட்டுக் குழு கையில குடுத்துடுவேன். அவங்களே முடிவு பண்ணட்டும்."

இந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறாவிட்டால் மசோதா செத்தது. மூன்று வருட உழைப்பு ஒரு ஆரஞ்சு உள்பாவாடையில் போய்விடும்.

யாரும் கிடைக்காததால் அவரே மாடி ஏறினார். உள்பாவாடைக்கு உரியவர் பல் டாக்டர். கதவைத் திறந்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "டாக்டரம்மா, உங்க... அந்த... ஆரஞ்சு..." என்று இழுத்தார்.

"ஆரஞ்சா? பல்லு கூசுதா?"

"இல்லம்மா. கொடியில."

டாக்டருக்குப் புரிந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து இவர் இரண்டு படி இறங்கி நின்றுகொண்டார்.

"துணியைப் போடுங்க போடுங்கன்னு வீடு வீடா வந்து சொன்னது நீங்கதானே? இப்ப எடுங்கறீங்க. எதைப் போடலாம், எதைப் போடக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க. நான் பாத்துப் போட்டுக்கறேன்."

கோபத்தில் சொன்ன வார்த்தை. இவர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அதுதான் முதல் சறுக்கல் என்று இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கடைக்குப் போய் உட்கார்ந்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். உள்ளாடை கூடாது. கிழிந்தது, சாயம் போனது, ஒட்டுப் போட்டது கூடாது. கரித்துணி, கால்மிதியடி கூடாது. கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டு, பன்னிரண்டு கதவிலும் ஒட்டினார்.

வீட்டுக்குள் நுழையும்போது நான்காம் மாடியில் இருந்த சொந்தப் பால்கனியிலேயே மனைவியின் நைட்டி தொங்கியது. ஒருகாலத்தில் நீலமாக இருந்தது. முழங்கை இரண்டும் வெளுத்து, ஒரு பை பிய்ந்து தொங்கியது. மனைவி கடைத்தெருவிலிருந்து திரும்புவதற்குள் அதை எடுத்துக் குளியலறையில் போட்டார்.

"ஏங்க, என் நைட்டி எங்கே?"

"உள்ள போட்டிருக்கேன். வியாழக்கிழமை வரைக்கும்தான்."

"ஈரமா இருந்துச்சே. வெயில் இப்படிக் கொளுத்துது, குளியலறையில போட்டா என்னைக்குக் காயறது?"

"நம்ம வீட்டுலயே இது தொங்கினா டாக்டரம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்? கொஞ்சம் யோசிம்மா."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். சண்டை போடுகிறவள் அல்ல. பதிலுக்கு மூன்று நாள் பேசாமல் இருப்பாள். அதற்குச் சண்டையே தேவலை. ஆனால் அன்று பேசினாள்.

"நேத்து உங்க மெம்பர் போன் பண்ணினாரு. நீங்க எடுக்கலையாம்."

"எடுக்க மாட்டேன். 'பேச்சுக்கு இன்னும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க'ன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் விடமாட்டாரு. குழு வந்து போகட்டும்."

"அதைப் பத்தித்தான். அவர் என்ன சொன்னாருன்னா..."

"அப்புறம், அப்புறம். எனக்குத் தலைக்கு மேல வேலை."

அவள் கைப்பையைத் திறந்தாள். பிறகு, "சரி, அந்த மசோதா காப்பி ஒண்ணு குடுங்க" என்றாள்.

கண்ணாடிக் கடைக்காரர் துள்ளிப் போய் ஒரு காப்பியை எடுத்துவந்தார். மூன்று வருடமாக இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜை, கட்டில், ஷூ அலமாரி எல்லாவற்றின் மேலும் அந்த மசோதா கிடந்திருக்கிறது. ஒருநாள்கூட அவள் அதை எடுத்துப் படித்ததில்லை. சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்ததுண்டு.

"முழுசும் வேணாம். அந்த நாலாவது பிரிவு போதும்" என்றாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கினார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள். "இதுல 'எவருக்கும்'னு போட்டிருக்கீங்களே, அப்படின்னா யாரா இருந்தாலுமா?"

"நாட்டையே ஆளறவனா இருந்தாலும் சரி!" என்று மேஜையில் தட்டினார்.

அவள் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். குழுவினர் முன்னால் தனக்காகப் பேசத்தான் படிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து தான் இவளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று வெட்கப்பட்டார். அதில் ஒன்றும் தப்பில்லை, உண்மையிலேயே புரிந்துகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தபோது கட்டடம் மொட்டையாக நின்றது. பன்னிரண்டு பால்கனியிலும் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

இரண்டாம் மாடி லாரி ஓட்டுநர் படியிறங்கி வந்தார். "அண்ணே, உங்க நோட்டீசைப் படிச்சு வீட்டுல இருக்கிற துணியெல்லாம் எடுத்துப் பாத்தோம். எதுவும் தேறல. என் லுங்கியைக் காமிச்சேன். என் சம்சாரமே முடியாதுன்னுட்டா."

"ஒரு நல்ல துணியுமா இல்ல?"

"நல்ல துணியைத் தினமும் எவன் துவைப்பான்?"

நியாயமான கேள்வி. ஆனால் வெறும் கொடியைக் காட்டி எந்தக் குழுவிடம் எந்த உரிமையைக் கேட்பது? கண்ணாடிக் கடைக்காரர் நேரே கடைத்தெருவுக்குப் போய் இருபத்துநாலு வெள்ளை விரிப்பு வாங்கிவந்தார். வீட்டுக்கு இரண்டு. மதியத்துக்குள் கட்டடம் முழுக்கப் பளீரென்று வெள்ளை அசைந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது.

நாலு மணிக்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "வெளிநோயாளிங்க எந்த மாடிங்க?" என்று கேட்டார். இது ஆஸ்பத்திரி இல்லை என்று சொன்னால் நம்பவில்லை. பின்னாலேயே கையில் கட்டுப் போட்ட ஒரு அம்மாள், அப்புறம் தடியூன்றிய ஒருவர். பல் டாக்டர் மட்டும் வந்தவர்களில் இருவருக்குப் பல் பிடுங்கி அனுப்பினார். அன்றிலிருந்து அவருக்கு இவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

எதிரே செயலாளர் அம்மாள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளைதான் கோளாறு என்று முடிவுகட்டி, கண்ணாடிக் கடைக்காரர் ராத்திரி சாப்பிடும் முன்பே ஓர் அட்டவணை போட்டார். முதல் மாடி மஞ்சள், இரண்டாம் மாடி பச்சை, மூன்றாம் மாடி நீலம், நான்காம் மாடி வெள்ளை. நிறத்துக்கு ஏற்ற துணி இல்லாதவர்களுக்கு அவரே எங்கெங்கோ கேட்டு வாங்கிக் கொடுத்தார். கிளிப்புகூட அந்தந்த நிறத்தில். புதன்கிழமை காலை கட்டடம் உண்மையாகவே அழகாக இருந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு ஒரு பயம் பிடித்தது. தொங்குவதெல்லாம் காய்ந்த துணி. குழுவில் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டால்? உலராத துணியைக் காட்டித்தானே உலர்த்தும் உரிமையைக் கேட்க முடியும்? ஒரு பூவாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காய்ந்த துணிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார்.

"அண்ணே!" என்று கீழேயிருந்து லாரி ஓட்டுநர் அலறினார். "என் தலையில ஊத்துது!"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, இது நம்ம எல்லாருக்காகவும்தான்!"

சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் விரிக்க, ஒரு வாரமாகப் பிரிக்காமல் கிடந்த செய்தித்தாள்களையெல்லாம் அள்ளிக் கொடுத்தார். படிக்க அவருக்கு எங்கே நேரம்?

இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. கொடியெல்லாம் காட்சித் துணி. அப்படியானால் வீட்டுத் துணி எங்கே காயும்? ஜனங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். மூன்று நாள் துணி சேர்ந்திருந்தது. டிரையர் நாலும் காலையிலிருந்து நிற்காமல் ஓடின. படிக்கட்டில் வரிசை நின்றது. வெயிலில் துணி உலர்த்தும் உரிமைக்காகப் போராடுகிற கட்டடத்தில், கட்டிய நாளிலிருந்து ஓடாத அளவுக்கு டிரையர் ஓடியது. மூன்று மணிக்குப் படாரென்று ஒரு சத்தம். கட்டடத்தில் மின்சாரமே இல்லை.

லிஃப்டில் மாட்டிக்கொண்டது செயலாளர் அம்மாள்.

அவரை வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணாடிக் கடைக்காரர் கதவுக்கு வெளியே நின்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து, "நான் மூணு வருஷமா துணியைப் போடாதீங்கன்னுதான் சொன்னேன்! எந்தக் கலர் போடணும்னு ஒருநாளும் சொன்னதில்ல! என்னைவிட மோசம்யா நீங்க!" என்று குரல் வந்தது.

அது அவரைச் சுட்டது. அன்று மாலை மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து யோசித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. துண்டுக்காகக் கிளம்பியவன் பூவாளியோடு நிற்கிறேனே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாளை ஒருநாள்தானே, மசோதா நிறைவேறட்டும், அப்புறம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். டாக்டரம்மாவிடம் முதலில்.

கீழே வந்தபோது மனைவி ஈர நைட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளாச்சு. வாடை அடிக்குது."

"நாளைக்கு ஒருநாள்தாம்மா."

"நாளைக்கு வருவாங்க" என்றாள் மனைவி.

"வருவாங்க, வருவாங்க" என்று அவர் உற்சாகமாகச் சொன்னார். அவளுக்கும் குழுவின்மேல் இவ்வளவு அக்கறையா என்று மறுபடி நெகிழ்ந்தார்.

வியாழக்கிழமை. சரியாகப் பத்து மணி. வாசலில் ஒரே ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். ஒல்லி உடம்பு, தோளில் பை, பையில் கோப்பு. கண்ணாடிக் கடைக்காரர் சலவைச் சட்டையோடு ஓடினார்.

"வாங்க, வாங்க. நீங்க...?"

"சுற்றுச்சூழல் துறையிலேருந்து வரேன் சார். இந்தக் கட்டடத்துத் துணி விஷயமா."

குழுவுக்கு முன்னால் குறிப்பெடுக்க வந்த அதிகாரி! கண்ணாடிக் கடைக்காரர் அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கே திரும்பக் கூட்டிப்போய் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். மஞ்சள், பச்சை, நீலம், வெள்ளை. இரண்டாம் மாடியிலிருந்து ஒரு சொட்டு அதிகாரியின் கோப்பில் விழுந்தது.

"எப்படி?"

அதிகாரி நன்றாகப் பார்த்தார். "இதெல்லாம் அந்தந்த வீட்டுக்காரங்க துணிதானா?"

"பாதிக்கு மேல நான் ஏற்பாடு பண்ணினது. அவங்க துணியைப் போடவிட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது."

"அப்ப அவங்க போட்டிருந்த துணி?"

"எடுக்கச் சொல்லிட்டேன்."

"நீங்களா சொன்னீங்க?"

இவ்வளவு வேலையையும் செயலாளர் அம்மாள் செய்ததாகக் குறிப்பில் ஏறிவிட்டால்? கண்ணாடிக் கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல. அதை நல்லா எழுதிக்குங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். "எத்தனை வீடு?"

"பன்னெண்டும்."

"வாய்வார்த்தையாவா, எழுத்துலயா?"

"எழுத்துல இல்லாம வேலை நடக்குமா?" சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்துக் கொடுத்தார். "கீழே என் கையெழுத்து. அட்டவணையும் இருக்கு, தரட்டுமா?"

"குடுங்க சார்." அதிகாரி இரண்டையும் கோப்பில் கவனமாக வைத்தார். வயதில் சின்னவர்தான், ஆனால் மிகவும் பொறுமைசாலி. "யாராவது மறுத்தாங்களா?"

"மூணாம் மாடி டாக்டரம்மா கொஞ்சம் முரண்டு பிடிச்சாங்க. ஆரஞ்சு நிறத்துல, கிழிஞ்சது, அது எதுக்கு... நானே மாடி ஏறிப் போய் எடுக்க வச்சேன்."

"உங்க வீட்டுல?"

"என் வீட்டுலேருந்துதான் ஆரம்பிச்சேன்! ஊருக்கு மட்டும் உபதேசம் பண்ற ஆள் நானில்ல. என் சம்சாரத்தோட நைட்டியை என் கையாலேயே கொடியிலேருந்து உருவிக் குளியலறையில போட்டேன். இன்னிவரைக்கும் வெளியில வரல."

அதிகாரி பேனாவை நிறுத்திக் கோப்பை அவர் பக்கம் திருப்பினார். "சார், வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆச்சு. இவ்வளவு ஒத்துழைப்பு எனக்கு யாருமே குடுத்ததில்ல. நீங்க சொன்னதையெல்லாம் எழுதியிருக்கேன். சரியா இருக்கான்னு படிச்சிட்டு ஒரு கையெழுத்து போடுங்க."

படிப்பதாவது! கண்ணாடிக் கடைக்காரர் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம். நூலகம், கடிதங்கள், இயந்திரத்தில் மாட்டிய தாடை, பூவாளி. எல்லாம் இந்த ஒல்லி மனிதரின் கோப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே பார்த்தார். மனைவி பால்கனியில் வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்துக் கையசைத்தார். அவளும் அசைத்தாள். அவள் மற்றொரு கையில் நைட்டி இருந்தது. நான்காம் பிரிவையே காட்டுவதுபோல் அதை அவள் அந்த இடத்திலேயே வெள்ளை விரிப்புகளுக்கு நடுவில் விரித்துக் கிளிப் மாட்டினாள்.

"ஐயோ, இவளை...!" என்று பதறியவர், அதிகாரி பார்த்துவிடக் கூடாதென்று அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பினார். "அது ஒண்ணுமில்ல, இப்பவே எடுக்கச் சொல்லிடறேன். குழுவுல மத்தவங்க எப்ப வருவாங்க? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க தம்பி. எங்க மசோதாவுக்கு ஆதரவா எழுதுவீங்கதானே?"

அதிகாரி கோப்பைப் பைக்குள் வைத்துச் சைக்கிளை எடுத்தார்.

"எந்தக் குழு சார்? அது வராமலே உங்க மசோதா போன வாரம் நிறைவேறி, திங்கக்கிழமையிலேருந்து சட்டம். நான் வந்தது அந்தச் சட்டத்துல பதிவான முதல் புகாரை விசாரிக்க, புகார் குடுத்தது மேல நைட்டி போடறாங்களே அந்தம்மாதான்."